‘தீன்’ எந்தத் தீன்? அரபு உச்சரிப்புக்கு ஓர் இணையவழிப் பாடம் தயாரிப்போம்

தமிழில் ‘தீன்’ என்று எழுதிப் பாருங்கள். அரபியில் அது அத்திப்பழமாக இருக்கலாம், களிமண்ணாக இருக்கலாம், மார்க்கமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் முதல் எழுத்து வேறு, ஒலியும் வேறு. இலங்கையில் தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்கு அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால், மூன்றும் ஒன்றாகிவிடும். அந்தக் காலத்தில் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய நம் முன்னோர்கள், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென்று புது எழுத்துகளையே சேர்த்துக்கொண்டார்கள். எழுத்து ஒலியைத் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மிடம் இப்போது போன் இருக்கிறது. ஒலியையே கொடுத்துவிடலாம்.

படி 1: சொற்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு பாடத்துக்கு நான்கைந்து சொற்கள் போதும். மூன்று ‘தீன்’களையும் எடுங்கள். கூடவே இரண்டு ‘கல்ப்’. முதல் எழுத்து அடித்தொண்டையிலிருந்து வரும் காஃப் (ق) என்றால் இதயம். நம் ‘க’ போன்ற காஃப் (ك) என்றால் நாய். இந்த ஒன்றைச் சொன்னாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

படி 2: எழுத்தைத் தயார்செய்யுங்கள்

விண்டோஸில் அரபு (101) விசைப்பலகையைச் சேருங்கள். உயிரொலிக் குறிகளுக்கு, ஷிஃப்டுடன் ‘க்யூ’ (Q) அழுத்தினால் ஃபத்ஹா (‘அ’ ஒலி), ‘ஏ’ (A) அழுத்தினால் கஸ்ரா (‘இ’ ஒலி), ‘ஈ’ (E) அழுத்தினால் ளம்மா (‘உ’ ஒலி). ஆரம்பப் பிள்ளைகளுக்கு இந்தக் குறிகள் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். எழுத்துருவுக்கு அமீரி நல்லது, இலவசம். ஒரு விஷயம்: வரியை வலப்பக்கம் ஒதுக்குவது மட்டும் போதாது, ‘வலமிருந்து இடம்’ என்ற திசைப் பொத்தானையும் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் முற்றுப்புள்ளி வரியின் தவறான முனையில் போய் நிற்கும்.

படி 3: குரலைப் பதிவுசெய்யுங்கள்

மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஒரு தடவை மெதுவாக, இரண்டு தடவை இயல்பாகச் சொல்லுங்கள். சொல்லுக்கு ஒரு கோப்பு. நீளமான ஒரே பதிவில் பிள்ளைக்கு வேண்டிய இடத்தைத் தேடுவது கஷ்டம்.

படி 4: கேட்டுத் தெரிவுசெய்யும் வினா

கூகுள் ஃபார்ம்ஸ் போதும். அதில் ஒலிக்கோப்பை நேரடியாக வைக்க முடியாது. யூடியூப் வீடியோவை வைக்கலாம். வெறும் தாளைக் காட்டியபடி சொல்லைச் சொல்லி போன் கேமராவில் எடுங்கள், ‘அன்லிஸ்டட்’ (இணைப்பு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி) என்று ஏற்றுங்கள். விடைகளாக அத்திப்பழம், களிமண் படங்களைக் கொடுங்கள்.

படி 5: பிள்ளையின் குரல்

என்னைக் கேட்டால் பாடமே இங்குதான் இருக்கிறது. முதல் நான்கு படிகளில் பிள்ளை கேட்க மட்டுமே செய்கிறது. நாக்கு இன்னும் அசையவில்லை. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சொற்களைச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பட்டும். குழுவில் வேண்டாம், உங்களுக்குத் தனியாக. கூச்சப்படும் பிள்ளைகளும் அப்போது வாய் திறப்பார்கள். வீட்டுக்கு ஒரு போன்தான் இருக்கும், அதனால் இரவு வரை நேரம் கொடுங்கள்.

பதிலையும் குரலிலேயே அனுப்புங்கள். ஐந்து பிழை இருந்தாலும் ஒன்றை மட்டும் திருத்துங்கள்: “மகள், களிமண்ணுக்கு நாக்கின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லுங்க” என்று. மறுபதிவு வந்ததும் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அந்தப் பிள்ளைக்கே கேட்கும்.

அப்புறம் அடுத்த பாடத்துக்கு ‘ஸைஃப்’ இருக்கிறது. வாளா, கோடைகாலமா என்று பிள்ளைகளையே கேளுங்கள்.