கார் கதவின் அடியில் துரு: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

சென்னையின் பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்காற்று படும் இடத்தில் நிற்கும் பழைய கார்களில், கதவின் அடிவிளிம்பிலும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் பெயிண்ட் கொப்புளித்திருக்கும். உள்ளங்கை அளவு வரை நாமே சரிசெய்துவிடலாம். பிப்ரவரி, மார்ச் வெயில்தான் இதற்குத் தோது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

முதலில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக நின்றால் நாமே செய்யலாம். முனை உள்ளே இறங்கினால் தகட்டை வெட்டி வேறு தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். டிங்கரிங் கடைக்குப் போய்விடுங்கள். ஓட்டை மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மூடுவது வீண் செலவு.

சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, காயவிட்டு, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பியுங்கள். மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். 80 நம்பர் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். கொப்புளத்தோடு நிறுத்தாதீர்கள். பெயிண்டுக்கு அடியில் துரு இன்னும் ஒரு விரல்கடை தள்ளிப் போயிருக்கும். நல்ல பெயிண்ட் வரும்வரை போகவேண்டும். பிறகு 320 நம்பரால் ஓரத்தைச் சரிவாக்குங்கள். விரலால் தடவினால் படி தட்டக்கூடாது. டிரில் மெஷினில் மாட்டும் கம்பி பிரஷ் எனக்குப் பிடிக்காது. துருவை எடுக்காமல் அதன் மேல்பக்கத்தை மட்டும் மெருகேற்றிவிடுகிறது.

குழிகளில் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். அங்கே மட்டும், துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டரைச் சின்ன பிரஷால் தொட்டு வையுங்கள். டின்னில் போட்ட நேரம் காய்ந்ததும் மொத்த இடத்தையும் 320-ஆல் மறுபடி ஒருமுறை தேய்த்துத் துடையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் தகடு ஒரே ராத்திரியில் செம்பட்டை ஏறிவிடும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். வீட்டில் செய்த வேலை ஒரு மழைக்காலத்தோடு கெட்டுப்போவதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் பட்டிதான் காரணம். பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் ஈரம் உள்ளே இறங்கித் தகட்டைத் தொடும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடியில் துரு மறுபடி ஆரம்பித்துவிடும். அதனால் தேய்த்த அன்றே, முதல் பூச்சாக, தகட்டை ஈரம் தொடாமல் காக்கும் எபாக்ஸி பிரைமர் போடுங்கள். இரண்டு பாகமாக வாங்கிக் கலக்கும் வகைதான் என் தேர்வு. சின்ன இடத்துக்குப் பிரஷே போதும். அது காய்ந்ததும் லேசாகச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் பட்டி. 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் போட்டால் மேலே அடிக்கும் பெயிண்டில் கறையாகத் தெரியும். இறுகியதும் 180, பிறகு 320, இரண்டுமே உலர்ந்த தேய்ப்பு. அன்றைக்கே மேலே சாம்பல் பிரைமர் அடித்து மூடிவிடுங்கள். பட்டியைத் திறந்தபடி ராத்திரி விடக்கூடாது.

மீதி சுலபம். பிரைமர் காய்ந்தபின் 800 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்). முழுக்க உலரவிட்டு கலர். உங்கள் காரின் நிறக் குறியீடு, கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும். ஸ்ப்ரே டின்னை இரண்டு நிமிடமாவது குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெல்லிய மூன்று பூச்சு. சுற்றுப் பெயிண்டை மறைக்கும் மாஸ்கிங் டேப்பின் விளிம்பை உள்பக்கமாக மடித்து ஒட்டினால் கோடு விழாது. அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் இரண்டு பூச்சு. நன்றாக இறுகியபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரும் மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டும்.

பின்னர் சேர்த்தது: பலர் கேட்டதால் சொல்கிறேன், தின்னருக்குப் பதில் மண்ணெண்ணெய் வேண்டாம். எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், பிரைமர் பிடிக்காது. சில்வர் போன்ற மெட்டாலிக் நிறங்களில் டின் நிறம் அப்படியே ஒத்துப்போகாது. அதற்கு, கலரைத் தேய்த்த இடத்துக்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கி, கிளியர் கோட்டை அந்தப் பேனல் முழுக்க அடிக்கவேண்டும்.

சரிசெய்த இடத்திலேயே துரு திரும்ப வருகிறது என்றவர்களுக்கு: கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் உண்டு. மண் அடைத்தால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து, மூடிய ஜன்னல் கண்ணாடிமேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாத் துளையிலும் வடிந்தால் சரி. ஒன்றில் வரவில்லையென்றாலும் இன்னும் மண் இருக்கலாம்.