தீனியைக் கண்டுகொள்ளாத குட்டியைப் பழக்கியது

கிண்ணத்தில் நாள் முழுக்கத் தீனி கிடந்தால், வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் பயிற்சியின்போது நாய்க்குட்டி நம் கையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் தினசரி அளவைக் காலையிலேயே தராசில் நிறுத்துவிட ஆரம்பித்தேன். 90 கிராமில் 30 கிராம் பயிற்சியில் கொடுக்கும் தீனிப் பைக்கு, மீதி மூன்று வேளைக்கு. வைத்த 15 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுவேன். பட்டினி மட்டும் போடவே கூடாது. சின்ன இனக் குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். இங்கத்து வெயிலில் மதியம் பசி மந்தம், அதனால் பயிற்சி காலை 7 மணிக்கு முன்பே. வெளியே கவனம் சிதறும் இடத்தில் மட்டும் உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சுக்கறி, பட்டாணி அளவில். துண்டை முன்கூட்டியே காட்டினால் துண்டுக்குத்தான் கீழ்ப்படியும். குட்டி உட்கார்ந்த பிறகே பைக்குள் கை போகட்டும். அடுத்தடுத்த வேளைகளில் எதையும் தொடாவிட்டால் நாள் முழுக்கக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.