கடலூர், புதுச்சேரி வந்து சேரும் ஈழத் தமிழர்களுக்கு: கையெழுத்து வைக்கும் முன்

மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து கடலூர், புதுச்சேரிப் பக்கம் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடு பிடிப்பது, சிம் எடுப்பது எல்லாம் இங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது திருப்பி அனுப்பும் உத்தரவைப் பற்றி.

படகில் வந்தால் முதலில் ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் முகாம், அங்கே விசாரணை. விசாவில் வந்தவர்கள் விசா முடியும் தேதியை மறக்கக் கூடாது. முகாமில் இருந்தால் உங்களைக் கவனிப்பவர்கள் ஆர்.ஐ. என்னும் வருவாய் ஆய்வாளரும், அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிராஞ்ச் போலீஸும். வெளியே இருந்தால் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு. குறிஞ்சிப்பாடி முகாமில் இருப்பவர் இரவு வெளியே தங்குவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கடலூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி வந்துவிடுகிறது என்பதற்காக இரண்டையும் ஒரே ஊராக நினைக்காதீர்கள். அரசு வேறு, போலீஸ் வேறு. இங்கே பதிந்துவிட்டு அங்கே வாடகைக்குப் போனால், தேடி வரும்போது ஆள் இல்லை என்றுதான் எழுதுவார்கள். வழக்கு என்று வந்தால் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே இடம், சென்னை உயர் நீதிமன்றம்.

சரி, இப்போது விஷயம். என் நண்பர் ஒருவர் 2006-இல் சண்டை மறுபடி தொடங்கியபோது படகில் வந்தவர். ஒருநாள் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அதிகாரி அருமையான மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, “உங்க தமிழ் கேக்கவே நல்லா இருக்குண்ணே” என்று பேசிக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். ஆங்கிலத்தில் டைப் அடித்த நான்கைந்து வரி. “ரெக்கார்டுக்குத்தான்” என்றார். இவரும் கையெழுத்து வைத்துவிட்டார். சொந்த விருப்பத்தில் இலங்கை திரும்பச் சம்மதம் என்பதுதான் அந்த வரிகளின் சாரம். பிறகு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், ஊரில் இதே மனிதர் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்திருக்கவே மாட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அப்படி வைத்தவர்கள் எத்தனை வருடம் உள்ளே கிடந்தார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். இங்கே எதிரே இருப்பவர் தமிழ் பேசுகிறார், மேசையில் முருகன் படம் இருக்கிறது. அவ்வளவுதான், எச்சரிக்கை எல்லாம் போய்விட்டது.

இது புதிய கதையும் இல்லை. 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பியபோதும் விருப்பப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, மக்களுக்குப் புரியவில்லை என்ற புகார் எழுந்தது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாஸும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஐ.நா. அகதிகள் அமைப்பு திரும்பப் போகிறவர்களிடம் பேசி, உண்மையில் விருப்பம்தானா என்று பார்க்கும் ஏற்பாடு வந்தது.

ஆகவே தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். தரவில்லையா, “வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்” என்று மரியாதையாக எழுந்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? அன்றைக்கே, “புரியாமல் வைத்த கையெழுத்து, எனக்குத் திரும்ப விருப்பமில்லை” என்று மனு எழுதி, அதே அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நண்பர் இதைச் செய்யாமல் நோட்டீஸ் வரும்வரை இருந்தார். நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டியது அந்தத் தாளைத்தான். இடைக்காலத் தடை கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

வழக்கென்றால் அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு, அதாவது அரசின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. நாம் பிடித்துக்கொள்ளக் கூடியது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு: உயிருக்கான பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல, எல்லா மனிதர்க்கும் உண்டு. 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது. ஆனால் இங்கேயே தங்கும் உரிமை குடிமக்களுக்குத்தான். 2025 மே மாதம், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கில் தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழர் நாடு கடத்தாதீர்கள் என்று கேட்டபோது, இந்தியா எல்லோரும் வந்து தங்கும் தர்மசத்திரம் அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உங்கள் மேல் அப்படி வழக்கு எதுவும் இல்லையென்றால், அதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

பழைய பதிவுத் தாள்களை எறிந்துவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட விலக்கு ஆணைப்படி, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனை கிடையாது. அதற்காகக் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு இந்த விலக்கே இல்லை.

இன்னொன்று. “இவர் கொடுத்த மனுவை அதிகாரிகள் இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்” என்று மட்டும் சொல்லி நீதிமன்றம் வழக்கை முடித்து வைப்பதுண்டு. வெற்றி என்று லட்டு வாங்கிவிடாதீர்கள். அதே அலுவலகம்தான் பரிசீலிக்கும், நிராகரிக்கவும் செய்யும். நிராகரித்தால் அந்த உத்தரவை எதிர்த்து மறுபடி மனுப் போட வேண்டும். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் தருவார்கள், நீங்கள் கேட்க வேண்டும்.