வன்னியில் தைக்கக் கொடுக்கும்போது

வெளிநாட்டிலிருந்து இலங்கையின் வன்னிக்குப் போகிறவர்கள் உடுப்பு அலுவலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். முதலில் கோயில், பிறகு சொந்தக்காரர் வீடுகள், பிறகு காணிப் பிரச்சினை. விமானம் ஏற நாலைந்து நாள் இருக்கும்போதுதான் ஒரு பை துணியோடு தையல்காரியின் படலையில் போய் நிற்பது. அவரும் முகத்துக்காக மறுக்க மாட்டார், இரவிரவாக இருந்து தைத்துத் தருவார். கை பிடிக்கும், கழுத்து எழும்பி நிற்கும். திருத்த நேரம் இராது. ஊருக்குப் போய் இறங்கிய மறுநாளே துணியைக் கொடுத்துவிடுங்கள். சொந்தக்காரர் கோபித்தால் கோபிக்கட்டும்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஐரோப்பிய, கனடியப் பள்ளி விடுமுறை அநேகமாக ஆடியில் வந்து விழும். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் மாதத் தொடக்கத்தில் தையல்காரருக்குக் கொஞ்சம் கை ஓய்வாக இருக்கும். நடுப்பகுதி தாண்டினால் ஆவணிக் கல்யாணச் சட்டைகள் குவியத் தொடங்கிவிடும். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளிக்கு முந்திய இரண்டு கிழமையும் புது வேலை கொடுக்கவே வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கும்போது முல்லைத்தீவுப் பக்கமும் அதே கதைதான். இன்னொரு நெரிசல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது: 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது துணி. அதைத் தைப்பிக்க வேண்டுமே! பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம் கிராமத்து வெள்ளைத்துணி எல்லாம் அந்த ஓரிரண்டு மெசினுக்குத்தான் வரும்.

2009இல் போர் முடிந்த பிறகு சனம் மீளக் குடியேறியபோது வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின்கள் நிறையக் கொடுக்கப்பட்டன. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மல்லாவி என்று எங்கே தங்கினாலும் வீட்டில் வைத்துத் தைக்கும் ஒரு அக்கா பக்கத்தில் இருப்பார். பெயர்ப்பலகை இருக்காது, விசாரித்துத்தான் போக வேண்டும். விசாரிக்கும்போது "ஆர் நல்லாத் தைப்பினம்?" என்று கேட்டால் அவரவர் தங்கள் உறவுக்காரரைத்தான் காட்டுவார்கள். மச்சாள் போட்டிருக்கும் சட்டை வடிவாக இருந்தால், "உதை ஆர் தைச்சது?" என்று கேளுங்கள். சாறிச் சட்டை, பஞ்சாபி, பிள்ளைகளின் பாவாடை சட்டைக்கு இந்த வீட்டுத் தையல் போதும், பல கடைகளை விட நல்லது என்பேன். ஆண்களின் சேர்ட், நீளக் காற்சட்டைக்குக் கிளிநொச்சி நகரத்துத் தையல் கடைகளுக்குப் போகலாம். கோட் சூட் என்றால் வன்னிக்குள் மினக்கெடாதீர்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர், வவுனியா 75. ஏ9 வீதியில் பஸ் ஏறினால் போய்விடலாம்.

பருத்தித் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். ஒரு இரவு நனைத்து, நிழலில் காயவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். லைனிங் துணிக்கும் சாறியின் கீழ்க்கரையில் உள்ளே அடிக்கும் ஃபோல்ஸ் துணிக்கும் இதே விதி, இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலிலேயே கரை சுருண்டு நிற்கும். பட்டுத் துணியை மட்டும் நனைக்கக் கூடாது. இந்தியச் சாறிகளோடு வரும் சட்டைத்துண்டு பெரும்பாலும் 80 சென்ரிமீற்றர்தான். கொஞ்சம் உடம்பானவர்களுக்கு முழங்கை வரை கை வைக்க அது காணாது. ஒத்த நிறத்தில் துணியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

அளவு எடுக்கும்போது அவசரப்பட வேண்டாம். நல்ல தையல்காரி ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் உங்கள் பெயரை எழுதி, உங்கள் துணியில் ஒரு சின்னத் துண்டை வெட்டி அந்தப் பக்கத்திலேயே குத்திவிடுவார். தேய்ந்த சவர்க்காரத் துண்டால் துணியில் கோடு போட்டபடியே கேட்பார்: "தங்கச்சி, பின் கழுத்து எவ்வளவு இறக்கிறது?" "ஏழு இஞ்சி விடுங்கோ அக்கா." "ஏழு இறக்கினா தோள் வழுக்கும். ஆறு காணும்." அவர் சொன்னால் கேளுங்கள். ஃபோனில் நடிகையின் படத்தைக் காட்டி அதே மாதிரி வேண்டும் என்று நிற்காதீர்கள், நடிகையின் முதுகு வேறு, எங்கள் முதுகு வேறு. அந்தப் படத்தை விட உங்களுக்கு அளவாக இருக்கும் பழைய சட்டை ஒன்று பெரிய உதவி. அதை மறக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். கூட வராதவர்களுக்குத் தைப்பதென்றால் அளவை இஞ்சியிலேயே எழுதி எடுத்துப்போங்கள். வெளிநாட்டில் சென்ரிமீற்றரில் எடுத்து, இலக்கத்தை மட்டும் அனுப்பினால் குழப்பம்தான்.

அந்தச் சட்டையோடு போடப்போகும் அதே உள்ளுடுப்போடு அளவு கொடுங்கள், போட்டுப் பார்க்கும்போதும் அதுவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டவிடாமல், முதலில் ஒன்றை மட்டும் தைக்கச் சொல்லுங்கள். போட்டு, கையைத் தூக்கி, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். பிழை இருந்தால் அந்த ஒன்றோடு போகும். முக்கியமாக, பக்கத் தையலுக்கு உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்சியாவது துணி விடச் சொல்லுங்கள். ஊரில் அம்மம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்த ஒரு இஞ்சி தேவைப்படும்! பிள்ளைகளின் பாவாடைக்குக் கீழ் மடிப்பைத் தாராளமாக விட்டால் அடுத்த வருடமும் போடலாம்.

கூலியை முதலே பேசிவிடுங்கள். லைனிங், கொக்கி, நூல் அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். மச்சாள் எவ்வளவு கொடுப்பாள் என்று தெரிந்துகொண்டு அதையே கொடுக்கலாம், அவசரப்படுத்தினால் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது. டொரொன்ரோவில் ஒரு காற்சட்டையின் கால் நீளம் குறைக்கக் கேட்கும் காசை நினைத்துப் பார்த்தால் உங்களுக்கும் வாய் வராது. லைனிங்கும் நூலும் அவர் வாங்க வேண்டியிருப்பதால் பாதிக் காசு முன்பணமாகக் கொடுங்கள். காசு தாள்தான், வீட்டுத் தையலில் காட் இழுக்க மெசின் இல்லை.

வாங்கும்போது மிஞ்சிய துணியையும் கேட்டு வாங்குங்கள், பிறகு திருத்த உதவும். கொப்பியில் உங்கள் அளவு எழுதிய பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, அவருடைய வட்ஸ்அப் நம்பரையும் பதிந்துகொண்டால் அடுத்த கல்யாணத்துக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. ஊருக்குப் போகும் யாரிடமாவது துணியைக் கொடுத்துவிடலாம், ஆனால் அவர் அங்கே போய் இறங்கிய மறுநாளே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளாக இருக்க வேண்டும்.