கருத்துக் கேட்டுவிட்டு நீங்களே பேசாதீர்கள்

புதிதாக எழுதுகிறவர்களின் வரைவுகளை அடிக்கடி படிக்க நேர்கிறது. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் யார் சுட்டிக்காட்டினாலும் சரியாகிவிடும், அதை விடுங்கள். கருத்துக் கேட்கிற விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள், நான் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்.

"எப்படி இருக்கு?" என்று கேட்பது

"நல்லா இருக்கு" என்று பதில் வரும். அவ்வளவுதான்.

கதையோடு விளக்கவுரையும் அனுப்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். சமீபத்தில் ஒருவர் சிறுகதை அனுப்பினார், கூடவே நீளமாக ஒரு குரல்பதிவு: கடைசியில் அந்தப் பெண் வீட்டை விட்டுப் போவது கோபத்தால் இல்லை, தங்கைக்காக, அதை மனதில் வைத்துப் படியுங்கள் என்று. சரி, படித்தேன், தங்கைக்காகத்தான் போகிறாள் என்று புரிந்தது. ஆனால் கதை சொல்லிப் புரிந்ததா, அவர் சொல்லிப் புரிந்ததா? எனக்கே தெரியவில்லை. ஒரு வாசகரிடம் முதல் வாசிப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், அதை அவரே கெடுத்துக்கொண்டார்.

படித்த பிறகு விளக்குவதும் இதே கதைதான். "இவள் ஏன் போனாள்?" என்று கேட்டால் உடனே "இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பிக்கிறார்கள். கேட்டவர் தலையாட்டுவார், பிரதியில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, அடுத்தவரும் அங்கேயேதான் முழிப்பார்.

ஒன்றும் சொல்லாமல் அனுப்புங்கள். எங்கே சலிப்புத் தட்டியது, எந்த இடத்தைத் திரும்பிப் போய்ப் படித்தார் என்று கேளுங்கள். அப்புறம் கதையை அவர் வார்த்தையில் நாலு வரியில் சொல்லச் சொல்லுங்கள். அந்த நாலு வரியில் தங்கை வரவில்லை என்றால், அவள் உங்கள் மனதில் இருக்கிற அளவுக்குக் கதையில் இல்லை.

சொன்ன திருத்தத்தை அப்படியே செய்வது

வலிக்கிற இடத்தை வாசகர் சரியாகக் காட்டுவார், மருந்துதான் பெரும்பாலும் தப்பாக இருக்கும். "முடிவு அவசரமா இருக்கு" என்றதும் முடிவை இழுத்து நீட்டுகிறார்கள். நடுவில் எதையோ சொல்லாமல் விட்டதுதான் பல நேரம் கோளாறு. இரண்டு பேர் ஒரே பத்தியை நேரெதிர்க் காரணம் சொல்லிக் குறை சொன்னால், யார் சொல்வது சரி என்று பட்டிமன்றம் வைக்காமல் அந்தப் பத்தியைப் பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவது

திருத்திய வரைவைப் படிக்கப் புதுக் கண் மிஞ்சாது.

எழுதிய சூட்டோடு திருத்த உட்காருவது

ஆறப்போடுங்கள். தாளில் இல்லாத சொல்லையும் நினைவே நிரப்பிக்கொண்டு போய்விடும். நேரமில்லையா, கைபேசியை வாய்விட்டுப் படிக்க வைத்துக் கேளுங்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஏற்ற இறக்கம் அதற்குத் தெரியாது என்பதால், தடுமாறுகிற வாக்கியம் உடனே காதில் உறுத்தும்.