தண்டுவடத்த கட்டி அழுத்துனா ரேடியேஷன் ஒரு நாளா, அஞ்சு நாளா, பத்து நாளா?

கேன்சர் முதுகெலும்புக்குப் பரவி தண்டுவடத்த அழுத்த ஆரம்பிச்சா டாக்டர் பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணதான் சொல்வாங்க, 8 கிரே (கிரேங்கறது ரேடியேஷன் அளவோட யூனிட்) ஒரே சிட்டிங், 20 கிரே அஞ்சு சிட்டிங், இல்லன்னா 30 கிரே பத்து சிட்டிங். பாத்த உடனே 30 தான் பவர் ஜாஸ்தி, அதையே கேப்போம்னு தோணும், ஆனா மொத்த கிரேய வச்சு கம்பேர் பண்ணவே கூடாது. ஒரே தடவைல குடுக்குற 8 கிரே, தண்டுவடத்துக்கு தினம் 2 கிரேயா மொத்தம் 20 குடுத்ததுக்கு கிட்டத்தட்ட சமம்னு கணக்கு போடுவாங்க, பத்து சிட்டிங் 30 கிரே 37.5-க்கு சமம். 8-க்கும் 30-க்கும் கிட்டத்தட்ட நாலு மடங்கு மாதிரி தெரிஞ்சாலும், நிஜ வித்தியாசம் ரெண்டு மடங்கு கூட இல்ல பாருங்க.

மொதல்ல பாக்க வேண்டியது பேஷன்ட் இப்போ நடக்குறாரா. ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கும்போது நடந்துட்டு இருந்தவங்கதான் பின்னாடியும் பெரும்பாலும் நடக்குறாங்க, அதனால கால் பலம் குறையுது, மரத்துப்போகுது, யூரின் போக முடியலன்னா எந்த ஷெட்யூல்னு யோசிச்சுட்டு உக்காராதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, எம்ஆர்ஐ எடுத்து ஸ்டீராய்டு ஆரம்பிப்பாங்க.

அடுத்தது எவ்வளவு காலம் இருக்கும்ங்கற கேள்வி, கேக்க கஷ்டம்தான், ஆனா முடிவே பெரும்பாலும் இதுலதான் இருக்கு. 2019-ல வந்த ஸ்கோராட்ங்கற ஆய்வுல 686 பேர வச்சு ஒரே சிட்டிங்கையும் அஞ்சு சிட்டிங்கையும் கம்பேர் பண்ணாங்க, 8 வாரம் கழிச்சு நடக்க முடிஞ்சவங்க ஒரே சிட்டிங்ல 69.3 சதவீதம், அஞ்சு சிட்டிங்ல 72.7. ஒரே சிட்டிங் மோசமில்லன்னு ஒத்துக்க முன்கூட்டியே வச்ச அளவ மயிரிழைல எட்டல, அதனால ரெண்டும் சமம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா ஆயுசு சில மாசம்தான்னா தினமும் ஸ்ட்ரெச்சர்ல அலையவிடாம ஒரே நாள்ல முடிக்கறது நியாயமான சாய்ஸ்னுதான் நான் சொல்வேன். நோய் கன்ட்ரோல்ல இருந்து நாள் நிறைய இருக்கும்னா நீளமான ஷெட்யூல், ஏன்னா அதே எடத்துல கட்டி திரும்ப வளர்றது அதுல கம்மி.

ஆபரேஷனும் கேளுங்க. 2005-ல வந்த பாட்செல் ஆய்வுல ஒரே எடத்துல அழுத்தம் இருந்தவங்கள்ல ஆபரேஷனோட ரேடியேஷன் எடுத்தவங்க 84 சதவீதம் நடந்தாங்க, வெறும் ரேடியேஷன்ல 57. எல்லாரும் ஆபரேஷன் தாங்க மாட்டாங்க, லிம்ஃபோமா (நிணநீர் கேன்சர்) மாதிரி ரேடியேஷனுக்கு சீக்கிரம் கரையுற கட்டிய அந்த ஆய்வுல சேக்கவே இல்ல.

கடைசியா, அதே எடத்துல மறுபடி ரேடியேஷன் தேவைப்பட்டா இப்போ குடுத்த டோஸ் எவ்வளவு, எந்த எலும்பு வரைக்கும்னு அந்த ரெக்கார்ட் கண்டிப்பா வேணும், டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஒரு காப்பி கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.