நார்வே மூதாதையரைத் தேடுகிறீர்களா? குடும்பப்பெயரைத் துரத்தாதீர்கள்

1825 ஜூலையில் நார்வேயின் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து ஒரு சிறிய பாய்க்கப்பல் 52 பேருடன் கிளம்பியது. வழியில் ஒரு குழந்தை பிறந்தது. அக்டோபர் 9-ஆம் தேதி நியூயார்க் சேர்ந்தபோது 53 பேர் இருந்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் அவர்கள் வழியில் அமெரிக்கா போனார்கள். 1882 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 28,000 பேருக்கு மேல். 1865-இல் நார்வேயின் மொத்த மக்கள்தொகையே 17 லட்சம்தான்.

இப்படிப் போனவர்களின் வாரிசுகள்தான் இன்று மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, டகோட்டா பக்கங்களில் தங்கள் வேர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுவதற்கு நார்வே வசதியான நாடு. தேவாலயப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், குடியேறிகள் பட்டியல்கள் எல்லாம் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவ்வளவு இருந்தும் பலர் பல வருடங்கள் தேடி, கடைசியில் வேறு யாரோ ஒருவரைத் தாத்தாவின் தாத்தாவாக்கிக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: குடும்பப்பெயரை நம்பிப் போவது.

குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாத ஊர்

19-ஆம் நூற்றாண்டு நார்வே கிராமத்தில் ஒருவருக்கு மூன்று பகுதிகளாகப் பெயர் இருந்தது. முதலில் சொந்தப் பெயர். அடுத்து அப்பா பெயர்: ஹான்ஸின் மகன் ஹான்சன், மகள் ஹான்ஸ்டாட்டர். மூன்றாவதாக, குடியிருக்கும் பண்ணையின் பெயர். நம் ஊரில் இனிஷியலும் ஊர்ப்பெயரும் சேர்ந்து ஆளை அடையாளம் காட்டுவது போலத்தான் இதுவும். ஆகவே தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப்பெயர் என்ற பழக்கத்தில் வளர்ந்த அமெரிக்கர்கள்தான் இங்கே தடுக்கி விழுகிறார்கள். ஓலெ ஹான்சனின் அப்பாவை ஏதோவொரு ஹான்சன் என்று தேடுவார்கள். அப்பாவோ ஹான்ஸ் ஆண்டர்சன்.

பண்ணைப் பெயரில் இன்னொரு சிக்கல் உண்டு. அது முகவரி மாதிரி. வீடு மாறினால் பெயரும் மாறும். மனைவி வழியில் வந்த பண்ணையில் குடியேறிய மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரைத்தான் சுமப்பார். நிலமில்லாமல் பெரிய பண்ணையின் ஓரத்தில் குடிசை போட்டுக் கூலிக்கு உழைத்தவர்களும் அதே பண்ணைப் பெயரால் அழைக்கப்பட்டார்கள். எனவே பண்ணைப் பெயர் பொருந்துகிறது என்பதற்காக அந்தப் பண்ணையின் உரிமையாளரை மூதாதையராக்குவதில் அர்த்தமில்லை. (அந்த உரிமையாளரிலிருந்து வைக்கிங் மன்னர்கள் வரை கோடு இழுத்தவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் சந்தோஷம்.)

நார்வேயில் எல்லோரும் நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததே 1923-இல்தான். அதற்கு முன்பே கப்பலேறியவர்கள் அமெரிக்காவில் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. கூடப்பிறந்த மூன்று பேரில் ஒருவர் ஹான்சன் ஆவார், இன்னொருவர் பிறந்த பண்ணையின் பெயரை எடுப்பார், மூன்றாமவர் கடைசியாகக் கூலிவேலை பார்த்த பண்ணையின் பெயரை எடுப்பார். எழுத்தும் மாறும். அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலின் குடும்பப்பெயர், ஃபியேர்லாந்து பகுதியில் உள்ள முன்டால் என்ற இடத்தின் பெயர். வாஸ் பகுதியிலிருந்து சிறுவனாக வந்து அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகப் புகழ்பெற்ற நூட் ராக்னியின் பெயரிலும் எழுத்து மாறித்தான் இருக்கிறது. குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் ஒரு கதை உலவும். அதிகாரிகள் கையில் இருந்தது புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட பயணிகள் பட்டியல். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறிகளே.

பெண்களைத் தேடும்போது இன்னும் கவனம் வேண்டும். நார்வேயில் கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் அப்பா பெயரோடுதான் இருந்தார்கள். அமெரிக்கா வந்ததும் கணவர் பெயருக்கு மாறினார்கள், சில பதிவுகளில் ஓல்ஸ்டாட்டர் ஓல்சன் ஆகிவிட்டார். முதல் பெயரும் தப்பவில்லை. குரி ஜூலியா ஆனதுண்டு, ஹால்வோர் ஹென்றி ஆனதுண்டு.

அமெரிக்கப் பக்கத்தை முடிக்காமல் கடல் தாண்டுவது

இரண்டாவது பெரிய தவறு அவசரம். பெயரும் உத்தேசமான பிறந்த வருடமும் கிடைத்த உடனே நார்வே தளத்தில் தேட உட்கார்ந்துவிடுகிறார்கள். "ஓலெ ஹான்சன், 1848" என்று தட்டினால் வந்து நிற்கும் கூட்டத்தில் யார் நம்மவர் என்று எதை வைத்துச் சொல்வது? முழுப் பிறந்த தேதி, திருச்சபைப் பகுதி, முடிந்தால் பண்ணைப் பெயர், கூடப் பிறந்தவர்கள் அல்லது பெற்றோரின் பெயர்கள் கையில் இருந்தால்தான் தேடலில் உயிர் இருக்கும்.

இவையெல்லாம் அமெரிக்காவிலேயே கிடைக்கக்கூடியவை. குடும்ப பைபிளின் முன்பக்கங்கள், அதில் மடித்து வைத்த பாதிரியாரின் சான்றிதழ், பழைய கடிதங்களின் உறை, நார்வேஜிய மொழிச் செய்தித்தாள்களில் வந்த மரண அறிவிப்பு, கல்லறைக் கல் என ஒன்றையும் விடக்கூடாது. அயோவாவில் டெக்கோரா-போஸ்டன் என்ற நார்வேஜியப் பத்திரிகை 1874 முதல் 1972 வரை வந்தது. 1906-க்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த இடமும் தேதியும் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் "சுவீடன், நார்வே மன்னருக்கு விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்ற வரியைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் இராது. 1814 முதல் 1905 வரை இரண்டு நாடுகளுக்கும் ஒரே மன்னர். அதனால் ஏதாவது ஒரு பதிவில் "சுவீடன்" என்று பார்த்துவிட்டு சுவீடன் பக்கம் போய்விட வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது குடியேறிகளின் லூத்தரன் சபைப் பதிவேடுகள். அரசுப் பதிவுகள் "நார்வே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் இடத்தில், நார்வேஜிய மொழியில் எழுதிய பாதிரியார் ஊரை எழுதியிருப்பார். இங்கே பலர் செய்யும் பிழை, ஒரு சபையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது. நார்வேஜிய லூத்தரன்கள் ஒரே சபையாக இருக்கவில்லை. நார்வேஜியன் சினட் என்ற சபைக் கூட்டமைப்பு 1853-இல் உருவானது. ஹாவ்கெ என்ற போதகரின் வழியினர் தனியாக இருந்தார்கள். 1880-களில் இறைவனின் முன்தேர்வு (யார் மீட்புப் பெறுவார் என்று இறைவன் முன்பே தேர்ந்தெடுப்பது) பற்றிய இறையியல் சண்டையில் சினட்டே உடைந்தது. சில ஊர்களில் ஒரே சாலையில் இரண்டு நார்வேஜியத் தேவாலயங்கள் எழும்பியதற்கு இதுதான் பின்னணி. முதல் குழந்தைக்குப் பின் ஒரு குடும்பம் பதிவேட்டிலிருந்து மறைந்துபோனால், ஊரைவிட்டுப் போனார்கள் என்று முடிவுகட்டும் முன் எதிர்த் தேவாலயத்தின் ஏட்டைப் பாருங்கள்.

பதிவேட்டில் ஞானஸ்நான சாட்சிகளின் பெயர்களைத் தாண்டிப் போய்விடுவதும் நஷ்டம். அவர்களில் பலர் உறவினர்கள் அல்லது ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள். உங்கள் ஆளின் ஊர் எங்கும் கிடைக்காவிட்டாலும் சாட்சியின் ஊர் கிடைக்கலாம், அது பெரும்பாலும் பக்கத்து ஊராக இருக்கும்.

"பெர்கனில் பிறந்தார்"

இந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது கேட்டால் மலைக்கிராமத்துக்காரர் அமெரிக்கருக்குப் புரியும்படி பெரிய நகரத்தின் பெயரைச் சொல்லியிருப்பார். கப்பல் ஏறிய துறைமுகத்தைச் சொல்லியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்போது பெர்கன்ஹூஸ் என்ற பெயரில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பெரிய மாவட்டங்களே இருந்தன. கிறிஸ்டியானியா என்றாலும் இதே கதை. அந்த நகரம் 1925-இல் ஓஸ்லோ ஆனது; மாவட்டங்களுக்கு 1919-இல் புதுப் பெயர்கள் வந்தன. பழைய ஆவணத்தில் உள்ள ப்ராட்ஸ்பெர்க் இன்றைய வரைபடத்தில் டெலிமார்க். 2020-இல் சில மாவட்டங்களை இணைத்து, 2024-இல் மறுபடி பிரித்தார்கள், ஆகவே இன்றைய வரைபடத்தையும் முழுசாக நம்ப முடியாது.

பண்ணைப் பெயரை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்வதும் இதே ரகம். ஹாவுகன், மோன், பாக்கன், வீக் போன்ற பெயர்கள் நாடு முழுக்க இருக்கின்றன. திருச்சபைப் பகுதியும் சேர்ந்தால்தான் ஒரு பண்ணை அடையாளப்படும். அந்தப் பகுதிக்குள்ளேயே பல கிளைத் தேவாலயங்கள் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் குடும்பத்தின் பதிவு நடுத் தேவாலயத்தில் இல்லாவிட்டால் கிளையில் இருக்கலாம்.

கப்பல் விஷயத்திலும் ஒரு வார்த்தை. எல்லிஸ் தீவு திறந்ததே 1892-இல். 1850-களிலும் 60-களிலும் நார்வேஜியர்கள் பெரும்பாலும் கனடாவின் கியூபெக் வழியாகத்தான் வந்தார்கள். காரணம், கப்பல்கள் திரும்பும்போது அங்கிருந்து மரம் ஏற்றிச் சென்றன. பின்னர் நீராவிக் கப்பல் காலத்தில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். எனவே நியூயார்க் பட்டியலில் பெயர் இல்லை என்றால் பதற வேண்டாம். நார்வே காவல்துறையின் குடியேறிகள் பட்டியல்கள் 1867-இலிருந்து இருக்கின்றன. அதற்கு முன் போனவர்களுக்கு, ஊரைவிட்டு வெளியேறியவர்கள் என்று பாதிரியார் குறித்துவைத்த பகுதிதான் கதி. அதில் இருக்கும் தேதி பாதிரியாரிடம் வந்து சொன்ன தேதி, கப்பல் கிளம்பிய தேதி வேறு.

ஒரே பெயரில் இரண்டு குழந்தைகள்

சரி, ஊரும் கிடைத்துவிட்டது, பெயரும் பெற்றோரும் பொருந்தும் ஒரு ஞானஸ்நானப் பதிவும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கை நடுங்க வேண்டும். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பது வழக்கம். குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயர் வைப்பார்கள். ஆக, 1846-இல் பிறந்த ஓலெ இரண்டு வயதில் இறந்து, 1849-இல் பிறந்த இன்னொரு ஓலெ அமெரிக்கா போயிருக்கலாம். அடக்கப் பதிவுகளைப் பார்க்காதவர் இறந்த குழந்தைக்கு மினசோட்டாவில் பேரக்குழந்தைகள் இருப்பதாக எழுதிவிடுவார். இரு தாத்தாக்களுக்கும் ஓலெ என்றே பெயர் இருந்துவிட்டால் உயிரோடு இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே பெயர் வைத்து, மூத்த ஓலெ, இளைய ஓலெ என்று அழைத்ததும் உண்டு. முதல் மனைவி இறந்து மறுமணம் செய்தவர், புது மனைவிக்குப் பிறக்கும் முதல் மகளுக்கு இறந்தவரின் பெயரை வைப்பதும் வழக்கம். இந்த முறைகள் எல்லாம் நல்ல குறிப்புகள். ஆதாரமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு ஒரு நல்ல கருவி, உறுதிப்பூசுதல் பதிவு. 1736 முதல் அது கட்டாயம். அது இல்லாமல் கல்யாணமே செய்ய முடியாது. பதினைந்து வயதை ஒட்டி நடந்த அந்தச் சடங்கின் பதிவில் ஆள் உயிரோடு இருந்ததற்கு அத்தாட்சி இருக்கிறது. அத்துடன் பெற்றோர், குடியிருப்பு, பெரியம்மைத் தடுப்பூசி தேதி, சில சமயம் படிப்பில் எப்படி என்ற பாதிரியாரின் மதிப்பீடும். "சுமார்" என்று எழுதப்பட்ட கொள்ளுத்தாத்தாவைப் பார்க்கும்போது ஒரு தனி நெருக்கம் வருகிறது.

வயதுக் கணக்கிலும் ஏமாறலாம். 1801, 1865 கணக்கெடுப்புகளில் நடப்பு வயதைத்தான் எழுதினார்கள், அதாவது அடுத்த பிறந்தநாளில் எத்தனை வயதாகும் என்று. கணக்கெடுப்பு ஆண்டிலிருந்து அந்த வயதைக் கழித்தால் பிறந்த வருடம் ஒன்று தள்ளி வரலாம். இடையில் 1815 முதல் 1855 வரை நடந்த கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் தலைகளை எண்ணியதோடு சரி, பெயர்கள் இல்லை. ஆகவே அந்தக் காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுதான் ஒரே பிடிமானம்.

தட்டச்சு செய்த பெயர் அட்டவணையைப் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல் அசல் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். கோதிக் கையெழுத்து முதலில் பயமுறுத்தும். ஒரே பாதிரியாரின் பத்துப் பக்கங்களைப் பார்த்தால் பழகிவிடும். பழைய ஏடுகளில் தேதிக்குப் பதில் "திரித்துவ ஞாயிறுக்குப் பின் மூன்றாம் ஞாயிறு" என்ற மாதிரி எழுதியிருப்பார்கள், அதைக் காலண்டர் தேதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். பக்கம் கறைபட்டுப் படிக்க முடியவில்லையா? 1812 முதல் தேவாலய உதவியாளரும் தனியாக ஒரு நகல் ஏடு எழுதினார். தீப்பிடித்தாலும் ஒன்றாவது மிஞ்சட்டும் என்று இரண்டையும் வேறு வேறு வீட்டில் வைத்திருந்தார்கள். மிஞ்சியிருந்தால் அதைப் பாருங்கள்.

கடைசியில், பிக்டெபூக் எனப்படும் ஊர் வரலாற்று நூல்கள். பண்ணை பண்ணையாக யார் யார் குடியிருந்தார்கள் என்று சொல்பவை. கிடைத்தால் மாதக்கணக்கான வேலை மிச்சம். எல்லாப் பகுதிக்கும் இல்லை, நிலமில்லாதவர்களைப் பற்றிப் பல நூல்கள் குறைவாகவே எழுதின, பிழைகளும் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொரு பிறப்பையும் கல்யாணத்தையும் ஏட்டில் சரிபார்த்த பிறகே மரத்தில் ஏற்றுங்கள். அப்புறமும் ஒரு குடும்பம் எங்குமே தட்டுப்படாவிட்டால், அவர்கள் அரசுத் திருச்சபையை விட்டு விலகியவர்களாக இருக்கலாம். 1845 சட்டம் அதற்கு அனுமதி தந்தது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும், அமெரிக்காவின் யூட்டாவுக்குப் போன மார்மன் பிரிவினரும் இந்த வகை. விலகியவர்களுக்கெனத் தனிப் பட்டியல்கள் உண்டு.